அரசாணிக்காய் இனிப்பை ஓவனில் வைத்தால் மேலே தூவிய ஓட்ஸ் நமத்துப் போகிறது, மொறுமொறுப்பாக வர என்ன செய்யலாம்?

எங்களுக்குக் கோபிப் பக்கம். மற்ற ஊர்களில் பரங்கிக்காய், மஞ்சள் பூசணி என்பதை நாங்களும் உங்களைப் போல அரசாணிக்காய் என்றுதான் சொல்வோம். பொங்கலுக்கு வாங்கி மிஞ்சுகிற காயில் வருடா வருடம் இந்த இனிப்பைச் செய்கிறேன்.

நமத்துப் போவது ஓட்ஸின் குற்றமில்லை, அடியில் இருக்கிற காய்தான் காரணம். அரசாணியில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். சூடேறியதும் அது ஆவியாகி மேலே வரும், ஓட்ஸ் அவ்வளவையும் குடித்துவிடும். அதனால் தண்ணீரை அடுப்பிலேயே வற்ற வைத்துவிட வேண்டும்.

ஒரு கிலோ கீற்றைத் தோலும் விதையும் நீக்கி இட்லிப் பாத்திரத்தில் வேகவைத்து மசித்துக்கொள்ளுங்கள். குக்கரில் தண்ணீர் ஊற்றி வேகவைக்க வேண்டாம். மசித்ததை அடிகனமான வாணலியில் மிதமான தீயில் கிண்டுங்கள். முதலில் தளதளவென்று கொதிக்கும். இருபது நிமிடம் போனால் சத்தம் மாறி, அங்கொன்றும் இங்கொன்றுமாக ‘சொத் சொத்’ என்று தெறிக்கும். எங்கள் அம்மிச்சி அல்வா கிண்டும்போது கரண்டியால் நடுவில் ஒரு கோடு இழுத்துப் பார்ப்பார். “கோடு மூடாம நின்னா எறக்கி வெச்சிரு கண்ணு” என்பார். இதற்கும் அதே பதம்தான்.

இறக்கி ஆறியதும் 150 கிராம் நாட்டுச்சர்க்கரை, அரை டம்ளர் கெட்டித் தேங்காய்ப்பால், இரண்டு ஸ்பூன் கார்ன்ஃப்ளார், ஒரு சிட்டிகை உப்பு சேருங்கள். நான் போடுவது கவுந்தப்பாடிச் சர்க்கரை, பழனி பஞ்சாமிர்தத்துக்குப் போகிறதே, அதேதான். வெள்ளைச் சர்க்கரையில் இந்த வாசம் வராது. மசாலாவுக்குப் பட்டைத்தூள் ஒரு ஸ்பூன், சுக்குத்தூள் அரை ஸ்பூன், பொடித்த கிராம்பு இரண்டு, கொஞ்சம் துருவிய ஜாதிக்காய். அமெரிக்காவில் பூசணி இனிப்புக்குப் போடுவதும் இவற்றைத்தான். அதில் ஜாதிக்காய் நம் ஆனைமலைத் தென்னந்தோப்புகளிலேயே ஊடுபயிராக விளைகிறது. முழுக்காயாக வாங்கி அப்போதைக்கப்போது துருவிப் போடுங்கள், மணமே வேறு.

மேலே தூவ ஒரு கப் ஓட்ஸ், அரை கப் கோதுமை மாவு, மூன்றில் ஒரு பங்கு கப் நாட்டுச்சர்க்கரை, ஒன்றிரண்டாக உடைத்த நிலக்கடலை ஒரு கைப்பிடி. இரண்டு நிமிடத்தில் கஞ்சியாகிற ஓட்ஸ் இதற்கு ஆகாது, தட்டையாக முழுசாக இருக்கிற ரோல்டு ஓட்ஸ் வாங்குங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த 80 கிராம் வெண்ணெயைத் துண்டு போட்டு, விரல் நுனியால் பிசிறிவிட வேண்டும். புட்டு மாவு மாதிரி உதிரியாக, நடுநடுவே சுண்டைக்காய் அளவு கட்டிகளோடு இருந்தால் சரி. ஊத்துக்குளி வெண்ணெய் கிடைத்தால் விடாதீர்கள்.

அப்புறம் முக்கியமான ஒன்று. இரண்டையும் சேர்த்து ஓவனில் வைக்காதீர்கள். 180 டிகிரியில் காய்க் கலவையை மட்டும் 20 நிமிடம் வையுங்கள். மேலே லேசாக ஆடை கட்டியதும் வெளியே எடுத்து, ஓட்ஸைத் தூவி, அழுத்தாமல் மறுபடி 25 நிமிடம். ஓரம் சிவந்து, நிலக்கடலை வறுபடும் வாசம் வந்தால் எடுத்துவிடலாம்.

சூட்டோடு மூடவும் கூடாது. ஒருமுறை அக்கா வீட்டுக்கு எடுத்துப் போக அவசரத்தில் மூடிவிட்டேன். ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தால் மூடி முழுக்க முத்து முத்தாக வியர்வை, ஓட்ஸ் களியாகிக் கிடந்தது. அக்கா ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார், எனக்குத்தான் மனசு ஆறவில்லை. இப்போது கம்பி ஸ்டாண்டில் வைத்து முழுக்க ஆறிய பிறகே மூடுகிறேன். மறுநாளைக்கு மிஞ்சினால் மைக்ரோவேவ் வேண்டாம், ஓவனிலேயே பத்து நிமிடம் வைத்தால் மொறுமொறுப்பு திரும்பிவிடும்.