வார நாள் மதியம், இத்தாலிய உணவகம், குறைந்த செலவு: கேள்வி பதில்

இத்தாலிய உணவகச் சமையலறைகளில் பல வருடம் மதிய ஷிஃப்ட் பார்த்தவன் நான். மெனு, பாஸ்தா, பில் பற்றி எதையும் கேளுங்கள். எடை குறைப்பது பற்றி என்னிடம் வேண்டாம்.

மதிய செட் மெனு மட்டும் ஏன் மலிவு? மிச்சம் மீதியைத் தள்ளிவிடுகிறார்களா?

பெரும்பாலும் இல்லை. இரவு மெனுவில் நாற்பது ஐட்டம் இருந்தால் மதியத்தில் நாலைந்துதான். அதனால் வீணாவது குறைவு. மூன்று நான்கு மணி நேரம் கொதிக்கும் இறைச்சி சாஸைப் பத்து பேருக்குச் செய்தாலும் ஐம்பது பேருக்குச் செய்தாலும் ஆள் செலவு ஏறக்குறைய ஒன்றுதான். மதியம் வருபவர்கள் முக்கால் மணியில் எழுந்துவிடுவதால் அதே மேசையில் அடுத்த ஆளை உட்கார வைக்கலாம். வாடகையும் சம்பளமும் எப்படியும் போகிற பணம், காலி மேசையால் லாபமில்லை.

இத்தாலியிலேயே வேலைக்குப் போகிறவர்களுக்காக வார நாள் மதியம் மட்டும் இப்படி ஒரே விலைச் சாப்பாடு போடும் கடைகள் உண்டு. ஒரு பாஸ்தா, ஓர் இறைச்சியோ மீனோ, ஒரு காய்கறி, பல இடங்களில் தண்ணீரும் காபியும் சேர்த்து.

ஆனால் ஒன்று: மெனுவின் அடியில் இருக்கும் சின்ன எழுத்தைப் படியுங்கள். தண்ணீர், ரொட்டி, காபி, சேவைக் கட்டணம் இவையெல்லாம் உள்ளேயா வெளியேயா என்பது அங்கேதான் இருக்கும். மதியச் சாப்பாடு செலவு வைப்பது அந்த இடத்தில்தான்.

காசுக்கு மதிப்பாக எதை ஆர்டர் செய்யலாம் அண்ணா?

இன்று வந்ததிலேயே நல்ல கேள்வி. விலை உயர்ந்த உணவை மலிவாகத் தேடாதீர்கள். பிறவியிலேயே மலிவான உணவைக் கேளுங்கள். இத்தாலியச் சமையலின் சிறந்த பாதி இல்லாதவர்கள் வீட்டில் பிறந்தது. பூண்டும் ஆலிவ் எண்ணெயும் மட்டும் சேரும் அல்யோ எ ஓல்யோ, பெகோரினோ சீஸும் மிளகும் மட்டும் சேரும் காச்சோ எ பெப்பே, பீன்ஸ் போட்ட பாஸ்தா சூப், வெறும் தக்காளி ஸ்பகெட்டி. இவற்றில் பொருளுக்குச் செலவே இல்லை, நீங்கள் கொடுக்கும் காசு கைப்பக்குவத்துக்குப் போகிறது.

அல்யோ எ ஓல்யோ வந்ததும் தட்டைக் கவனியுங்கள். பூண்டுச் சீவல் வெளிர் பொன்னிறமாக இருக்க வேண்டும், பழுப்பேறினால் கசக்கும். பாதி தின்ற பிறகு தட்டின் அடியில் எண்ணெய் குளமாகத் தேங்கக் கூடாது. பாஸ்தா வெந்த தண்ணீரில் மாவுச்சத்து இருக்கிறது. அதில் ஒரு கரண்டி எடுத்து வாணலியில் ஊற்றி வேகமாகக் கிளறினால் எண்ணெயும் நீரும் கலந்து பால்போல் திரண்டு இழையோடு ஒட்டிக்கொள்ளும். அரை நிமிட வேலை. அதைச் செய்கிற கடையில் மற்றதையும் நம்பிச் சாப்பிடலாம்.

கிழமையையும் பாருங்கள். ரோமில் வியாழன் என்றால் நியோக்கி என்ற உருளைக்கிழங்கு மாவு உருண்டை, வெள்ளி என்றால் மீன் அல்லது கொண்டைக்கடலை பாஸ்தா என்பது பழைய வழக்கம். சில கடைகள் வெளியூரிலும் அதைப் பின்பற்றுகின்றன. அன்றைய சிறப்பு அன்று காலையில் செய்ததாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அரை மணி நேர இடைவேளைதான். ரிசோட்டோ சொல்லலாமா?

வேண்டாம். ரிசோட்டோ குழைவான அரிசி உணவு. அரிசி பச்சையிலிருந்து வேக 16 முதல் 18 நிமிடம். ஐந்து நிமிடத்தில் வந்தால் முன்பே பாதி வேகவைத்துத் தட்டில் பரப்பி ஆறவிட்டது. எல்லா உணவகத்திலும் நடப்பதுதான், தவறில்லை. ஆனால் அதற்காகக் கூடுதல் காசு தராதீர்கள். அவசரத்துக்கு நேப்பிள்ஸ் நகரப் பாணி பீட்ஸா நல்லது: ஏறக்குறைய 485 டிகிரி செல்சியஸ் அடுப்பில் 60 முதல் 90 விநாடி.

நான் சுத்த சைவம். எதுவெல்லாம் ஆகாது?

இதற்கு நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் பரிமாறுகிறவர்களுக்கே பல நேரம் தெரிவதில்லை. பார்மிஜானோ சீஸை உறைய வைப்பது கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதி. பெகோரினோ ரொமானோவுக்கு ஆட்டுக்குட்டியுடையது. துளசி வகை இலையை அரைத்த பச்சை சாஸான பெஸ்டோவில் இந்தச் சீஸ்கள் உண்டு, காச்சோ எ பெப்பே முழுக்கவே பெகோரினோதான். மினெஸ்ட்ரோனே காய்கறி சூப் என்றாலும் இறைச்சித் தண்ணீரில் செய்திருக்கலாம். பூத்தானெஸ்கா சாஸில் நெத்திலி கரைந்திருக்கும், கண்ணுக்கே தெரியாது. பன்னா கோட்டா என்ற கிரீம் இனிப்பில் ஜெலட்டின், அது விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. புதிதாகப் பிசைந்த பாஸ்தாவில் பெரும்பாலும் முட்டை.

மிஞ்சுவது என்ன? உலர் பாஸ்தா துரும் கோதுமை ரவையும் தண்ணீரும்தான். ஆகவே அல்யோ எ ஓல்யோ, தக்காளி ஸ்பகெட்டி, காரமான அரபியாத்தா, மூன்றையும் சீஸ் தூவாமல் கேளுங்கள். பீட்ஸாவில் மரினாரா: தக்காளி, பூண்டு, ஓரிகனோ, எண்ணெய், சீஸே கிடையாது. பெரும்பாலான மெனுக்களில் ஆக மலிவான பீட்ஸாவும் அதுதான்.

மதிய மெனுவில் கிரீம் போட்ட கார்பொனாரா இருக்கிறது. நல்லதா?

தவிர்த்துவிடுங்கள். கார்பொனாரா என்பது முட்டை மஞ்சள் கரு, பெகோரினோ, மிளகு, பன்றிக் கன்னக் கொழுப்பான குவாஞ்சாலே.

ஏன் சார், பிடித்ததைச் சாப்பிட விடுங்களேன். 1980களில் இத்தாலியர்களே கிரீம் ஊற்றியிருக்கிறார்கள்!

ஊற்றினார்கள், மறுக்கவில்லை. 1954இல் ஓர் இத்தாலியச் சமையல் இதழில் வந்த குறிப்பில் பூண்டும் க்ரூயேர் சீஸும்கூட இருந்தன. கார்பொனாரா இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அச்சில் தலைகாட்டிய உணவு, ஆயிரம் வருடப் பாரம்பரியம் ஒன்றும் இல்லை. நான் தூய்மைவாதம் பேசவில்லை, காசைப் பேசுகிறேன். முட்டை சாஸை ஒவ்வொரு தட்டுக்கும் தனியாக, அடுப்பிலிருந்து இறக்கிக் கிளற வேண்டும். சூடு கொஞ்சம் ஏறினால் முட்டைப் பொரியல் ஆகிவிடும். கிரீம் சாஸை ஒரு பெரிய பாத்திரத்தில் காலையிலேயே செய்து மூன்று மணி வரை சூடாக வைக்கலாம். மதிய மெனுவில் கிரீம் வருவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். முட்டை, சீஸ், குவாஞ்சாலேக்கு உரிய விலையைக் கிரீமுக்குக் கொடுக்கிறீர்கள்.

அப்படியென்றால் ஆல்ஃப்ரெடோவும் கூடாதா? அது கிரீம்தானே?

ரோமில் ஆல்ஃப்ரெடோ தி லேலியோ புகழ்பெறச் செய்த தட்டில் பட்டையான பாஸ்தா, வெண்ணெய், பார்மிஜானோ மட்டும்தான். கிரீம் பின்னால் வந்தது. பிடித்தால் தாராளமாகச் சாப்பிடுங்கள். விலை கார்பொனாராவுக்குச் சமமாக இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

கிரீம் இல்லாத கார்பொனாரா பச்சை முட்டை. அதைவிடக் கிரீமே பாதுகாப்பு. இதை ஏன் சொல்லவில்லை?

நியாயமான வாதம். பாஸ்தாவின் சூட்டில் கரு கெட்டிப்படும், ஆனால் முழுதாக வேகாது. கர்ப்பிணிகளும் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் அதைத் தவிர்ப்பது நல்லது. அவர்களுக்கு நான் கிரீமைப் பரிந்துரைக்க மாட்டேன், தக்காளி சாஸைத்தான் பரிந்துரைப்பேன். கிரீம் கார்பொனாராவிலும் பலர் முட்டை சேர்க்கிறார்கள். கார்பொனாரா பற்றி இத்துடன் போதும். இன்னும் ஏழு கேள்விகள் அதிலேயே வந்திருக்கின்றன, எல்லாவற்றுக்கும் பதில் மேலே இருக்கிறது.

செட் மெனுவில் தண்ணீர் சேருமா?

சின்ன எழுத்து.

சேவைக் கட்டணம்?

சின்ன எழுத்து. அதில் இல்லையென்றால் உட்காருவதற்கு முன்பே கேளுங்கள்.

கம்மி விலையில் எது நல்ல பாஸ்தா?

இரண்டாவது கேள்வியின் பதிலைப் படியுங்கள்.

சர்க்கரை நோய் இருக்கிறது, பாஸ்தா எவ்வளவு சாப்பிடலாம்?

உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

கொஞ்சம் கூடக் கொடுத்தால் டிரஃபிள் எண்ணெய் ஊற்றுகிறார்களாம்.

கொடுக்காதீர்கள். டிரஃபிள் மண்ணுக்கடியில் விளையும் விலை உயர்ந்த பூஞ்சை. ஆனால் பெரும்பாலான டிரஃபிள் எண்ணெயில் வாசனை தருவது ஆய்வகத்தில் செய்த வேதிப்பொருள்.

ஒரு பாஸ்தா மட்டும் சொன்னால் வயிறு நிறையுமா?

இத்தாலியில் ஓர் ஆளுக்கு உலர் பாஸ்தா 80 முதல் 100 கிராம், வெந்தால் இரட்டிப்புக்கு மேல் வரும். மதியத்துக்குப் போதும். அதற்கு மேல் இறைச்சித் தட்டு வேண்டாம். பசி மிச்சமிருந்தால் தட்டில் உள்ள சாஸை ரொட்டியால் துடைத்துச் சாப்பிடுங்கள், இத்தாலியர்களும் செய்வதுதான், கூச்சம் வேண்டாம்.

அந்த ரொட்டிக் கூடை இலவசமா? கேட்காமலே மேசையில் வைத்துவிட்டார்கள்.

தொடுவதற்கு முன் கேளுங்கள். இத்தாலியில் பல இடங்களில் ரொட்டிக்கும் மேசைக்கும் சேர்த்துத் தலைக்கு ஒரு கட்டணம் போடுவார்கள், நீங்கள் ரொட்டி தின்றாலும் தின்னாவிட்டாலும். அதை மெனுவில் எழுதியிருக்க வேண்டும். மற்ற நாடுகளில் கடைக்குக் கடை மாறும். அங்கே ரொட்டி தனியாகக் கணக்கில் வருமென்றால் ‘வேண்டாம், எடுத்துவிடுங்கள்’ என்று சொல்லலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.