முதலில் ரயில் பாதை, பிறகு விடுதி

கேள்வி: சிறிய நிறுவனம் ஒன்றின் விற்பனைப் பிரிவில் பணிபுரிகிறேன். இனி இரண்டு மாதங்களுக்கு ஒரு முறை லண்டன், நியூயார்க், டோக்கியோ போன்ற நகரங்களுக்குத் தனியாகப் போய் மூன்று, நான்கு இரவுகள் தங்க வேண்டியிருக்கும். நிறுவனம் தரும் பயணப்படி, நகர மையத்தில் ஒரு நல்ல அறைக்குப் பாதிகூடக் காணாது. விமானமும் பெரும்பாலும் இரவு எட்டு மணிக்கு மேல்தான் இறங்கும். ஒரு பெண் தனியாகத் தங்குவதற்கு மலிவாகவும் பாதுகாப்பாகவும் வசதியாகவும் விடுதி பிடிப்பது எப்படி?

பதில்: உங்கள் கேள்வியில் மலிவு முதலில் வருகிறது, வசதி கடைசியில் வருகிறது. அந்த வரிசையைத் திருப்பிப் போடச் சொல்வேன். நீங்கள் வேலை பார்க்கப்போகும் இடத்துக்கு ஒரே ரயிலில் போய்வர முடிகிற இடமாகப் பிடித்துவிட்டால், மற்ற இரண்டிலும் பாதி வேலை முடிந்துவிடும். பல ஆண்டுகளாக நானே பயணம் செய்தும், உடன் பணிபுரிபவர்களுக்கு அறை பிடித்துக் கொடுத்தும் கண்ட முறை இது.

முன்பதிவுத் தளத்தில் நகரத்தின் பெயரை இட்டு, குறைந்த வாடகையிலிருந்து அடுக்கச் சொல்லி, மேலிருந்து பார்த்துக்கொண்டே வருவதுதான் எல்லோரும் செய்வது. அதை விடுங்கள். முதலில் வரைபடத்தைத் திறந்து, பகலில் நீங்கள் இருக்கப்போகும் அலுவலகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து பத்து நிமிட நடையில் எந்த ரயில் நிலையம் இருக்கிறது, அதன் வழியே எந்தப் பாதை போகிறது என்று பாருங்கள். அதே பாதையில், வண்டி மாறாமல், 10 முதல் 25 நிமிடத் தொலைவில் உள்ள நிலையங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நிலையங்களின் வாசலிலிருந்து ஐந்து நிமிட நடைக்குள் இருக்கும் விடுதிகளை மட்டும் தேடுங்கள்.

லண்டனின் ‘சிட்டி’ எனப்படும் நிதி வட்டாரத்தில் வேலை என்றால் நான் ஸ்ட்ராட்ஃபோர்டில் தேடுவேன். அங்கிருந்து சிட்டியில் உள்ள லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலையத்துக்குப் பத்து நிமிடம் போல ஆகும். 2022இல் எலிசபெத் என்ற புதிய ரயில் பாதை திறந்த பிறகு, மையத்துக்கு இப்படி ஒரே வண்டியில் வந்து இறங்கக்கூடிய இடங்கள் கூடியிருக்கின்றன. நியூயார்க்கில், மன்ஹாட்டனின் தென்முனையில் வேலை என்றால் ஆற்றுக்கு அக்கரையில் உள்ள ஜெர்சி சிட்டி. அங்குள்ள எக்ஸ்சேஞ்ச் பிளேஸ் நிலையத்தில் ‘பாத்’ ரயிலைப் பிடித்தால், ஆற்றுக்கு அடியில் புகுந்து சில நிமிடங்களில் வேர்ல்டு டிரேடு சென்டரில் இறக்கிவிடும். டோக்கியோ நிலையத்தைச் சுற்றி வேலை என்றால் டொகைடோ பாதையில் இருபது நிமிடம் போல ஆகும் கவாசாகி. மையத்தில் இருப்பவர் காலை உணவை முடித்து டாக்சிக்குக் காத்திருக்கும் நேரத்தில் நீங்கள் போய்ச் சேர்ந்துவிடலாம்.

கடைசி ரயில் எப்போது என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். நியூயார்க் சுரங்க ரயிலும் பாத் ரயிலும் இரவு முழுவதும் ஓடுகின்றன. டோக்கியோவில் நள்ளிரவை ஒட்டி நின்றுபோகும் ரயில்கள் அதிகாலை ஐந்து மணிவாக்கில்தான் மறுபடி கிளம்பும். அங்கே கடைசி வண்டியைத் தவறவிட்டு டாக்சியில் போனால், நான்கு நாள் சேமித்தது ஒரே இரவில் போய்விடும். விமானம் பத்து மணிக்கு மேல் இறங்கும் பயணங்களில் முதல் இரவை மட்டும் விமான நிலையத்தை ஒட்டிய விடுதியில் கழித்துவிடுவது நல்லது. இரண்டு விடுதி மாறுவது தொல்லைதான். ஆனாலும் களைத்த உடம்போடு தெரியாத ஊரில் நள்ளிரவில் வழி தேடுவதை விட அது எவ்வளவோ மேல்.

இனி அந்த ஐந்து நிமிட நடை. இதில்தான் நான் பட்டுத் தெளிந்தேன். நிலையத்திலிருந்து 400 மீட்டர் என்று வரைபடம் காட்டியதை நம்பி ஒருமுறை ஓர் அறையைப் பிடித்தேன். இறங்கி வெளியே வந்தால், விடுதியின் பெயர்ப்பலகை கண்ணுக்கு நேரே எரிகிறது. நடுவில் எட்டு வரிசையில் வண்டிகள் பறக்கும் நெடுஞ்சாலை. கடக்க வழியே இல்லை. மேம்பாலத்துக்கு அடியில், விளக்கில்லாத நடைபாதையில், பெட்டியின் ஒரு சக்கரம் கழன்று தரையில் உராய, சுற்றிக்கொண்டு போய்ச் சேர 25 நிமிடம் ஆயிற்று. அந்த உராயும் சத்தம் பாலத்தின் தூண்களில் பட்டு, பின்னால் யாரோ வருவது போலத் திரும்பி வந்துகொண்டே இருந்தது. அன்றிலிருந்து, பணம் கட்டுவதற்கு முன்னால், வரைபடத் தளங்களில் உள்ள தெருப் படங்களைத் திறந்து, நிலைய வாசலிலிருந்து விடுதிக் கதவு வரை ஒவ்வொரு படமாக ‘நடந்து’ பார்த்துவிடுகிறேன். நடைபாதை தொடர்ச்சியாக இருக்கிறதா, தெருவிளக்குகள் உண்டா, இரவில் திறந்திருக்கக்கூடிய கடைகள் உண்டா, நீண்ட மதில் சுவரோ காலி மனையோ வருகிறதா? ஐந்து நிமிட வேலை. மையத்திலிருந்து எவ்வளவு தொலைவு என்பதை விட, இந்தக் கடைசி ஐந்து நிமிடம் எப்படி இருக்கிறது என்பதே ஒரு பெண்ணின் பாதுகாப்புக்கு முக்கியம் என்று நினைக்கிறேன்.

வாடகைக் கணக்குக்கு வருவோம். மையத்தில் அறை 100 என்றும் தொலைவில் 65 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த 65இல் காலை உணவு சேராது, வைஃபைக்குத் தனிக் கட்டணம், தினமும் டாக்சிக்கு 25 என்றால் நீங்கள் மிச்சம் பிடித்தது ஒன்றுமில்லை. அதனால் வாடகை, வரி, போக்குவரத்து, காலை உணவு எல்லாவற்றையும் கூட்டி, ஓர் இரவுக்கு எவ்வளவு என்று பாருங்கள். வரி சிறிய தொகை அல்ல. நியூயார்க் நகரில் அறை வாடகை மீது 14.75 சதவீத வரியும், இரவுக்கு இவ்வளவு என்று ஒரு நிலைக் கட்டணமும் உண்டு. ஆம்ஸ்டர்டாமில் சுற்றுலா வரி 2024 முதல் 12.5 சதவீதம். அமெரிக்க விடுதிகள் ‘வசதிக் கட்டணம்’ என்று கடைசியில் சேர்த்துவந்த தொகையை முதலிலேயே மொத்த விலையில் காட்ட வேண்டும் என்று 2025 மே மாதம் முதல் விதி வந்திருக்கிறது. ஆனால் அரசு வரியைத் தொடக்கத்தில் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில் சுற்றுலா வரியை விடுதியில்தான் கட்ட வேண்டியிருக்கும். மாறாக, சுவிட்சர்லாந்தின் பாசல், ஜெனீவா நகரங்களில் விடுதியில் தங்குபவர்களுக்கு நகரப் போக்குவரத்து இலவசம். அங்கே சற்றுத் தள்ளித் தங்குவதில் நஷ்டமே இல்லை.

தேதியை மாற்ற முடிந்தால், விடுதியை மாற்றுவதை விட அதிகமாக மிச்சப்படுத்தலாம். பார்சிலோனாவில் மொபைல் உலக மாநாடு, லாஸ் வேகாஸில் ஜனவரி மின்னணுக் கண்காட்சி, ஃபிராங்க்ஃபர்ட்டில் அக்டோபர் புத்தகக் கண்காட்சி நடக்கும் நாள்களில் சாதாரண அறைகூட எட்டாத விலைக்குப் போய்விடும். கூட்டத்துக்கு நாள் குறிக்கும் முன்பே அந்த நகரில் அந்த வாரம் என்ன நடக்கிறது என்று பார்த்து, ஒரு வாரம் தள்ளிவைக்கலாமா என்று கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். எதிர்த்தரப்பினருக்கும் அந்த வாரம் நெருக்கடியாகத்தான் இருக்கும். அலுவலகங்கள் நிறைந்த பகுதிகளான லண்டனின் கேனரி வார்ஃப், பாரிஸின் லா டிஃபான்ஸ் போன்றவற்றில் வெள்ளி, சனி இரவுகளில் வாடகை இறங்குவது வழக்கம். உல்லாசப் பயணிகள் கூடும் பகுதிகளில் இது நேர்மாறு.

எந்த வகை விடுதி என்றால், தனியாகப் போகும் பெண்ணுக்கு நான் முதலில் சொல்வது சிக்கனச் சங்கிலி விடுதிகளை. இபிஸ், பிரீமியர் இன், மோட்டல் ஒன், ஜப்பானில் டோயோகோ இன் போன்றவை. அறை சிறியதாகத்தான் இருக்கும். ஜப்பானில் பெட்டியைத் திறந்து வைத்தால் நடக்க இடமிருக்காது. ஆனால் படுக்கை, பூட்டு, வரவேற்பு மேசை எல்லாம் ஏறத்தாழ எங்கும் ஒரே தரத்தில் இருக்கும். வேலைக்குப் போகிறவருக்கு வேண்டியது அந்த நிச்சயம்தான். மிகக் குறைந்த வாடகை என்றால் அறையில் ஜன்னல் இருக்கிறதா என்று பாருங்கள். சிங்கப்பூரிலும் லண்டனிலும் ஜன்னலில்லா அறைகள் உண்டு.

தனி வீடுகளை வாடகைக்கு எடுப்பதில் கவனம் தேவை. நியூயார்க்கில் 2023 செப்டம்பரிலிருந்து, 30 நாள்களுக்குக் குறைவாக வீட்டை வாடகைக்கு விடுபவர் நகராட்சியில் பதிவு செய்திருக்க வேண்டும், விருந்தினர் தங்கும்போது அவரும் அதே வீட்டில் இருக்க வேண்டும். சிங்கப்பூரில் தனியார் குடியிருப்பை மூன்று மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடக் கூடாது. அங்கெல்லாம் ‘முழு வீடு, மூன்று இரவு, பாதி விலை’ என்று யாராவது சொன்னால் ஒதுங்கிவிடுங்கள்.

ரத்து செய்யக்கூடிய கட்டணத்தில் சீக்கிரமே ஓர் அறையைப் பிடித்து வைத்துவிடுங்கள். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு மறுபடி பாருங்கள். விலை இறங்கியிருந்தால் புதிதாகப் பதிந்துவிட்டுப் பழையதை ரத்து செய்யலாம். அதோடு விடுதிக்கு நேரடியாக ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள்: ‘வேலையாக மறுபடியும் வருவோம், நிறுவனங்களுக்கான சலுகைக் கட்டணம் தர முடியுமா?’ முன்பதிவுத் தளங்களுக்கு விடுதிகள் வாடகையில் கணிசமான பங்கைத் தரகாகக் கொடுக்கின்றன. அதில் ஒரு பகுதியை உங்களுக்கு விட்டுக்கொடுப்பதில் அவர்களுக்கு நஷ்டமில்லை. விலை குறைக்காவிட்டாலும் காலை உணவையாவது சேர்த்துத் தரக்கூடும்.

விருந்தினர் கருத்துகளில் சராசரி மதிப்பெண்ணை நான் பார்ப்பதில்லை. கடந்த மூன்று மாதக் கருத்துகளில் மிக மோசமானவற்றை மட்டும் படிப்பேன். ‘காபி ஆறிப்போயிருந்தது’ என்பதைத் தள்ளிவிடலாம். ‘பூட்டு சரியில்லை’, ‘யார் வேண்டுமானாலும் மாடிக்கு வரலாம்’, ‘இரவில் மேசையில் ஆளில்லை’ என்று ஒருவர் எழுதியிருந்தாலும் நான் அந்த விடுதியை விட்டுவிடுவேன்.

போய்ச் சேர்ந்தபின், வரவேற்பு மேசையில் அறை எண்ணை உரக்கச் சொன்னால் வேறு அறை கேளுங்கள். அது உங்கள் உரிமை. நல்ல விடுதியில் எண்ணை எழுதித்தான் நீட்டுவார்கள். மூன்றாவது மாடியிலிருந்து ஆறாவது வரை கேளுங்கள். தெருவிலிருந்து யாரும் ஏறிவர முடியாது. தீயணைப்பு வண்டியின் ஏணியும் பெரும்பாலும் எட்டும். 1980 நவம்பரில் லாஸ் வேகாஸின் எம்ஜிஎம் கிராண்ட் விடுதியில் தீப்பிடித்தது தரைத்தளத்தில். ஆனால் இறந்த 85 பேரில் பெரும்பாலோர் மேல்மாடிகளில் இருந்தவர்கள், புகையில் மூச்சுமுட்டி இறந்தவர்கள். அதனால் பெட்டியைத் திறக்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் கதவிலிருந்து அவசரப் படிக்கட்டு வரை, சுவரைக் கையால் தொட்டுக்கொண்டு, நடுவில் எத்தனை கதவுகள் என்று எண்ணியபடி நடந்து பாருங்கள். புகையில் கண் தெரியாது, எண்ணிக்கை நினைவிலிருக்கும். படிக்கட்டுக் கதவு திறக்கிறதா என்றும் தள்ளிப் பாருங்கள். திரும்பி வந்து உள்தாழ்ப்பாள், பக்கத்து அறைக்கான இணைப்புக் கதவு, ஜன்னல் கொக்கி மூன்றையும் சரிபாருங்கள். ஒன்று சரியில்லை என்றாலும் அறையை மாற்றச் சொல்லுங்கள், எவ்வளவு களைப்பாக இருந்தாலும்.

முன்பதிவு செய்த பிறகு, விடுதியின் பெயரில் ‘அட்டை விவரத்தை மறுபடி உறுதி செய்யவும்’ என்று இணைப்போடு ஏதாவது செய்தி வந்தால் தொடாதீர்கள். விடுதியின் சொந்த எண்ணுக்கு அழைத்துக் கேளுங்கள். விடுதியில் சேரும்போது அவர்கள் பிடித்துவைக்கும் முன்வைப்புத் தொகைக்கு டெபிட் அட்டையைக் கொடுக்க வேண்டாம். அந்தப் பணம் பல நாள்கள் கணக்கில் முடங்கிக் கிடக்கும்; கிரெடிட் அட்டை என்றால் வரம்பில் மட்டும்தான் கழியும்.

உங்கள் விமானம் தாமதமாக இறங்குவதால் இன்னொன்று. பயணத்துக்கு முந்தைய நாள், எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று விமான எண்ணோடு விடுதிக்கு எழுதி, அறையை வேறு யாருக்கும் கொடுக்கமாட்டோம் என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். அந்தப் பதிலை அச்சிட்டுக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். இரவு பதினொன்றரைக்கு மேசையில் இருப்பவர், பகலில் உங்களுக்குப் பதில் எழுதியவராக இருக்கமாட்டார்.