பார்க்காமல் இருந்தால் போதுமா?

கேள்வி: விளம்பரமும் சினிமாவும் பெண்களைத் தங்கள் உடம்பையே வெறுக்க வைக்கின்றன என்று சென்ற இதழில் கட்டுரை போட்டிருந்தீர்கள். அழகானவர்களைக் காட்டுவது குற்றமா? தன்னம்பிக்கை உள்ள பெண்ணை ஒரு படம் என்ன செய்துவிடும்? பிடிக்காதவர்கள் பார்க்காமல் இருக்கலாமே? அது போகட்டும், உங்கள் அட்டைப்படங்கள் மட்டும் யோக்கியமா?

பதில்: கடைசிக் கேள்வியில்தான் வலிக்கிற இடமாகப் பார்த்துக் கை வைத்திருக்கிறீர்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

தன்னம்பிக்கைக்கு வருவோம். பிஜித் தீவுகளில் ஒரு பகுதிக்கு 1995-இல்தான் தொலைக்காட்சி வந்தது. அதுவரை அங்கே வாட்டசாட்டமான உடம்புக்குத்தான் மதிப்பு. ஒருத்தி மெலிந்தால் வீட்டில் சரியாகக் கவனிக்கவில்லையோ என்று ஊர் கவலைப்படும். ஆன் பெக்கர் என்ற ஆய்வாளர் டிவி வந்த சில வாரங்களில் பள்ளி மாணவிகளிடம் கேள்விகள் கேட்டார். 1998-இல் போய் மறுபடியும் கேட்டார். ஒவ்வொரு முறையும் அறுபத்துச் சொச்சம் பேர்தான், சின்ன ஆய்வு. ஆனாலும் கேளுங்கள்: எடை குறைய வேண்டுமென்று சாப்பிட்டதை வாந்தி எடுப்பவர் முதல் முறை ஒருவர்கூட இல்லை. இரண்டாம் முறை நூற்றுக்கு 11 பேர். உடம்பு பெருத்துவிட்டதாக நினைத்தவர்கள் நூற்றுக்கு 74 பேர். மூன்றே வருஷத்தில் ஊரோடு தன்னம்பிக்கை வற்றிப்போனதா என்ன? ஒப்பிட்டுப் பார்க்க வேறு உடம்புகள் கூடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டன, அவ்வளவுதான்.

அழகானவர்களைக் காட்டுவது குற்றமில்லை. காட்டப்படுகிறவர் நிஜத்தில் இருக்கிறாரா என்பதுதான் சிக்கல். 2003-இல் ஓர் ஆண்கள் பத்திரிகை தன் அட்டையில் ஹாலிவுட் நடிகை கேட் வின்ஸ்லெட்டை இளைக்க வைத்து அச்சிட்டது. நான் அப்படி இல்லை, அப்படி இருக்க ஆசையும் இல்லை என்று அவரே சொல்லிவிட்டார்.

சரி, படம் பொய் என்று தெரிந்தால் தப்பித்துவிடலாமா? பிரான்ஸில் 2017 அக்டோபரிலிருந்து, விளம்பரத்தில் மாடலின் உடம்பை இளைக்கவோ பருக்கவோ வைத்தால் 'திருத்தப்பட்ட படம்' என்று போட வேண்டும். தவறினால் 37,500 யூரோ அபராதம், அதற்கு மேலும் போகலாம். நல்ல எண்ணம்தான். ஆனால் இப்படிக் குறிப்புப் போட்ட படங்களைப் பெண்களிடம் காட்டிப் பார்த்த ஆய்வுகள் பலவற்றில் அவர்களுடைய மனக்குறை குறையவில்லை. எங்கே திருத்தினார்கள் என்று தேடிக்கொண்டு அதே இடையையும் தொடையையும் இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்க்கத்தானே தோன்றும்?

பார்க்காமல் இருக்கச் சொல்கிறீர்கள். திரையை அணைக்கலாம். 'கொஞ்சம் சதை போட்டுட்டியே' என்று வாசலிலேயே வரவேற்கும் அத்தையை எப்படி அணைப்பது? அவர் கண்ணிலும் அதே அளவு நாடாதான்.

இப்போது எங்கள் அட்டை. கொஞ்ச நாள் முன்பு, ஐம்பதைத் தாண்டிய ஒருவரை அட்டையில் போட்டோம். வடிவமைப்பாளர் அவருடைய கழுத்துச் சுருக்கங்களை அழித்துவிட்டார். நானும் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். இதழ் வந்த அன்று அவரிடமிருந்து போன். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். நன்றி சொன்னார். அப்புறம் கொஞ்சம் தயங்கி, அந்தப் படத்தை மட்டும் பெரிதாக ஒரு பிரதி போட்டுத் தர முடியுமா என்று கேட்டார்.