படித்தால் புரிகிறது, எழுதினால் வரவில்லையா?

கேள்வி: வேலூரில் பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி. சந்தேகம் வந்தால் சாட்ஜிபிடியைக் கேட்டுப் படிக்கிறேன். அப்போது எல்லாம் புரிகிறது. இன்டர்னலில் பேனாவை எடுத்தால் ஒன்றும் வரவில்லை. ஏஐயை விட்டுவிடலாமா?

பதில்: விட வேண்டாம், வரிசையை மாற்றுங்கள். இப்போது அது எழுதுகிறது, நீங்கள் படிக்கிறீர்கள். இனி நீங்கள் எழுதுங்கள், அது படிக்கட்டும்.

படித்ததும் புரிந்த மாதிரி இருப்பது பெரிய ஏமாற்று. 2006-இல் ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியலாளர்கள் மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். 5 நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தால், பாடத்தைத் திரும்பப் படித்தவர்களே முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்கள் முந்திவிட்டார்கள். உங்கள் இன்டர்னல் 5 நிமிடத்தில் வருவதில்லையே!

நம்மூர் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 'தோல் பதனிடக் குரோமியம் ஏன்?' புத்தகத்தை மூடிவிட்டுப் பத்து வரி எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம், ஆங்கிலத்துக்கு அப்புறம் மாற்றிக்கொள்ளலாம். அநேகமாக, 'குரோமியம் தோலைக் காக்கும், ஆனால் விஷம்' என்று முடித்திருப்பீர்கள். அதை ஏஐயிடம் கொடுத்து, "திருத்தி எழுதாதே, பாராட்டாதே. காரணம் சொல்லாமல் நான் தாண்டிப்போன இடங்களில் மட்டும் மூன்று கேள்வி கேள்" என்று சொல்லுங்கள். சுமாரான விடைக்கும் 'அருமை' போடும் பழக்கம் அதற்கு உண்டு.

'எந்தக் குரோமியம்?' என்ற கேள்வி முதலில் வர வேண்டும். வராவிட்டால் நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். ஆம்பூர், வாணியம்பாடி டேனரிகளில் சேர்ப்பது ஆக்சிஜனேற்ற எண் +3 உள்ள குரோமிய உப்பு. அது கொலாஜன் புரதத்தின் கார்பாக்சில் தொகுதிகளோடு பிணைந்து தோல் அழுகாமல் வைக்கிறது. ராணிப்பேட்டையில் குரோமேட் கழிவிலிருந்து நிலத்தடி நீரில் இறங்கியது +6 நிலைக் குரோமியம்; புற்றுநோய் அபாயம் அதில்தான். '+3 மண்ணிலேயே +6 ஆக மாறுமா?' என்று அடுத்து வந்தால் இன்னும் நல்லது. (மாங்கனீசு டைஆக்சைடு இருந்தால் மாறலாம்.)

விடையை மட்டும் புத்தகத்தில் தேடுங்கள். ஆக்சிஜனேற்ற எண், அலகு, சமன்பாடு இவற்றில் ஏஐ கூசாமல் தப்பு சொல்லும். பிறகு, முதலில் எழுதியதைப் பார்க்காமல் கையால் மறுபடி எழுதுங்கள். எரிச்சலாகத்தான் இருக்கும். வாரத்துக்கு இரண்டு தலைப்பு போதும்.

மதிப்பெண் உள்ள அசைன்மென்ட் என்றால், ஏஐயிடம் காட்டுவதற்கு முன் ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.