குராஷிகி கால்வாய்க்கரையில் இலையுதிர்காலம்: கேள்வி பதில்

வித்யா: நவம்பர்ல ஜப்பான் போறோம். கால்வாயோட இருக்கிற பழைய ஊர்னு குராஷிகி சொல்றாங்க. சிவப்பு இலை பார்க்க எந்த வாரம் சரி?

சிவப்பு இலை மட்டும்தான் நோக்கம் என்றால் குராஷிகி உங்களுக்கு ஏமாற்றம்தான். கால்வாயின் இருகரையிலும் நிற்பது வில்லோ மரங்கள், மேப்பிள் அல்ல. அவை நவம்பரிலும் பெரும்பாலும் பச்சையாகவே தொங்கும், பிறகு மெல்ல மஞ்சளாகும். சிவப்பு தெரியும் இடங்கள் இரண்டு. ஒன்று ஐவி ஸ்கொயர். 1889-இல் எழுந்த நூற்பாலை அது. உள்ளே வெக்கை ஏறாமல் இருக்கச் செங்கல் சுவரில் கொடி படரவிட்டார்கள். அந்தக் கொடி அக்டோபர் கடைசியில் சிவக்கத் தொடங்கும், நவம்பர் பிற்பாதியில் உதிர்ந்துவிடும். இன்னொன்று ஓஹாரா கலைக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் ஷின்கேய்-என் தோட்டம். சின்னது, கட்டணமில்லை, மேப்பிள் நவம்பர் நடுவிலிருந்து கடைசி வரை. இரண்டும் ஓரளவு சேர்ந்து கிடைக்க நவம்பர் 12 முதல் 20-க்குள் வாருங்கள். மேப்பிளை ஆசைதீரப் பார்க்க பக்கத்து நகரமான ஒகயாமாவின் கோராகு-என் தோட்டத்துக்கு அரைநாள் ஒதுக்குங்கள்.

பயணப்பித்தன்: ஒசாகாவிலிருந்து ஷின்-குராஷிகிக்கே டிக்கெட் எடுத்துடலாமா?

வேண்டாங்க. பெயரைப் பார்த்துப் பலர் விழும் குழி இது. ஷின்-குராஷிகி புல்லட் ரயில் நிலையம்தான்; ஆனால் கால்வாய்ப் பகுதி அங்கே இல்லை. வேகமான புல்லட் ரயிலான நொசோமி அங்கே நிற்காது. இறங்கினாலும் மறுபடி உள்ளூர் ரயில் பிடித்து குராஷிகிக்குத் திரும்பி வரவேண்டும்.

ஷின்-ஒசாகாவிலிருந்து ஒகயாமாவுக்கு நொசோமியில் முக்கால் மணி நேரம். ஒகயாமாவில் சான்யோ பாதையின் மேற்கு நோக்கிய ரயில், இல்லையென்றால் ஹகுபி பாதை ரயில், எது முதலில் கிளம்புகிறதோ அதில் ஏறுங்கள். இரண்டும் குராஷிகியில் நிற்கும், 17 நிமிடம். ஹகுபி பாதையில் யகுமோ என்ற விரைவு ரயிலும் ஓடுகிறது. அதற்குத் தனியாக விரைவுக் கட்டணம். 17 நிமிடப் பயணத்துக்கு அது வீண்செலவு. குராஷிகியில் தெற்கு வாசலில் இறங்கி நேரே நடந்தால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் கால்வாய். பெரிய பெட்டியை நிலையத்தின் காசு லாக்கரிலேயே வைத்துவிடுங்கள்.

ஷெரின்: படகு முன்பதிவு இணையத்தில் உண்டா?

இல்லை. அன்றைக்கு உள்ள டிக்கெட் அன்றைக்கே, நேரில்தான். விற்பது குராஷிகி-கான் என்ற தகவல் நிலையம். 1917-இல் ஊர்மன்றமாகக் கட்டிய மரக்கட்டடம், நாகாபாஷி கல்பாலத்தின் அருகே. ஒரு படகில் ஆறு பேர், இருபது நிமிடம், காலை 9.30 முதல் அரைமணிக்கு ஒன்று. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு நாளைக்கு எத்தனை பேர்தான் ஏறமுடியும்? சனி ஞாயிறில் மதியத்துக்குள் தீர்ந்துவிடுவது அதனால்தான். காலையில் முதல் வேலையாக டிக்கெட்டை வாங்கி, கிடைத்த நேரத்தைச் சுற்றி மற்றதை அமைத்துக்கொள்ளுங்கள். மாதத்தின் இரண்டாம் திங்கட்கிழமை பொதுவாகப் படகு ஓடாது. மழை பெய்தாலும் நிறுத்திவிடுவார்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் கவனிக்கவும்: கல்படியில் இறங்கித்தான் படகில் ஏறவேண்டும்.

கணேஷ்: அண்ணா, ஒசாகாவிலிருந்து காலைல போய் சாயங்காலம் திரும்பிடலாம்ல?

போகலாம் தம்பி. ஆனால் பதினொன்றிலிருந்து மூன்று மணிவரை நிற்பாய், சுற்றுலாக் கூட்டமும் சரியாக அந்த நேரத்தில்தான் நிற்கும். நவம்பர் நடுவில் ஐந்து மணிக்குச் சூரியன் மறைகிறது. கடைகளும் ஐந்து, ஆறுக்குள் மூடிவிடும். ஆளும் போய்விடுவார்கள். அதற்குப் பிறகுதான் விளக்கு ஏற்றுவார்கள், குளிர்மாதங்களில் இரவு ஒன்பது வரை. வெள்ளைச் சுவரும் கறுப்பு ஓடும் தண்ணீரில் தெரிவதைப் பார்க்க அதுதான் நேரம். ஓர் இரவு தங்கு. மறுநாள் ஏழு மணிக்கு ஒரு சுற்று நட. சாப்பாட்டை மட்டும் ஆறரைக்குள் முடித்துவிடு, தாமதித்தால் நிலையத்துப் பக்கம்தான் போகவேண்டிவரும். திங்கட்கிழமையைத் தவிர்: ஓஹாரா கலைக்கூடம் பொதுவாக அன்று விடுமுறை. எல் கிரேகோவின் ஓவியம் இருக்கும் இடம், 1930-இலேயே திறந்தது, தவறவிடக்கூடாது.

நூலகவாசி: கால்வாய்க்கரைக் கிடங்குச் சுவர்களில் கட்டம்கட்டமாகப் புடைத்திருக்கிறதே, வெறும் அலங்காரமா?

பாதுகாப்பு. தட்டை ஓடுகளைச் சுவரில் பதித்து, இணைப்புகளின் மேல் சுண்ணாம்புச் சாந்தை உருளையாகப் புடைக்கப் பூசுவார்கள். அந்தப் புடைப்பு கடல் அட்டை மாதிரி இருப்பதால் நமாகோ சுவர் என்று பெயர். தீயும் மழைச்சாரலும் உள்ளே இருக்கும் சரக்கைத் தொடாது. சரக்கு என்றால் முதலில் நெல், அரிசி. 1642 முதல் இந்த ஊர், ஜப்பானை ஆண்ட படைத்தலைவரான ஷோகுனின் அரசுக்கு நேரடி நிலம். கால்வாய் கடலோடு சேர்ந்திருந்தது. ஓதம் ஏறும்போது படகுகள் உள்ளே வரும். கடலைத் தூர்த்து எடுத்த நிலத்தில் உப்பு அதிகம் என்பதால் அதைத் தாங்கும் பருத்தியைப் போட்டார்கள். நூற்பாலை வந்ததும், பக்கத்துக் கோஜிமா இன்று ஜீன்ஸுக்குப் பெயர்பெற்றதும் அந்தப் பருத்தியின் தொடர்ச்சிதான்.

மீனாட்சி: நாங்க சுத்த சைவம். சமாளிக்க முடியுமா?

கஷ்டம், ஆனால் முடியும். காய்கறி உடோன் (தடித்த கோதுமை நூடுல்ஸ்) என்று எழுதியிருந்தாலும் சாற்றில் கட்சுவோ மீன் இருக்கும், சிக்கல் அங்கேதான். உள்ளூர்ச் சிறப்பு என்று நீட்டும் பராசூஷி, மமகாரி இரண்டிலும் மீன். முராசுசுமே என்ற பயறு இனிப்பில் முட்டை உண்டு. கடையில் இப்படிச் சொல்லுங்கள்: "நிக்கு தோ சாகானா வா தாபேமாசென். காட்சுவோ தாஷி மோ தாமே தெஸ்." இறைச்சி, மீன் சாப்பிடமாட்டோம், மீன் சாறும் கூடாது என்று பொருள். கைவசம் உப்பு ஓனிகிரி (சோற்று உருண்டை) வைத்துக்கொள்ளுங்கள். உமே ஊறுகாய் வைத்ததில் சிலசமயம் கட்சுவோ தூள் கலந்திருக்கும். இலையுதிர்காலத்தில் ஒகயாமாவின் திராட்சை அருமை. அதில் சந்தேகமே வேண்டாம்.

ஷெரின்: அக்டோபர்ல போனா வேற ஏதாவது விசேஷம்?

மூன்றாம் சனி ஞாயிறு அச்சி கோயில் திருவிழா. கிழவன், கிழவி முகமூடி போட்ட, சுயின்க்யோ எனப்படுபவர்கள் தெருவில் திரிவார்கள். விசிறியால் உங்கள் தலையில் ஒரு போடு போடுவார்கள். அடி வாங்கினால் நோய்நொடி அண்டாது என்பது நம்பிக்கை. குழந்தைகள் அலறுவார்கள், முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.