கேட்டதும் சொன்னதும்: றங்குப் பெட்டிக்குள் ஒரு ஊர்

கேள்வி: அப்பப்பாவின் றங்குப் பெட்டியில் பழைய கல்வெட்டுகள், கோயில் திருவிழா நோட்டீஸ்கள், சனசமூக நிலைய ஆண்டு மலர்கள், கடிதங்கள், படங்கள் எல்லாம் கிடக்கின்றன. இதையெல்லாம் ஒரு இணைய நூலகம் எடுத்துக்கொள்ளுமா? புத்தகம் என்று சொல்ல ஒன்றுமே இல்லையே. (யாழ்ப்பாண வாசகி)

எடுத்துக்கொள்ளும். புத்தகத்தை விட இதுதான் அரிது. அச்சான நூல் என்றால் எங்காவது இன்னொரு பிரதி இருக்கும், உங்கள் ஊர் வாசிகசாலையின் ஆண்டு மலருக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. (தமிழ்நாட்டு வாசகர்களுக்கு: இங்கே சொல்லும் கல்வெட்டு கல்லில் வெட்டியதல்ல, ஒருவர் இறந்து 31ஆம் நாளில் வீட்டார் அச்சடித்துக் கொடுக்கும் நினைவு மலர்.) கல்வெட்டில் தேவாரம் போக, இறந்தவரின் வம்ச வரலாறு, பிறந்த ஊர், செய்த தொழில், சிலவேளை மலாயாவுக்கு எந்த ஆண்டு போனார் என்பது வரை இருக்கும். ஊர் வரலாறு எழுதுபவருக்கு அது தங்கம். 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற பெயருள்ள இணைய நூலகத்தைப் போய்ப் பாருங்கள். நூல், இதழ், பத்திரிகையோடு நினைவு மலர்களும் பாடசாலை மலர்களும் வரிசையாக இருக்கின்றன. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தபின், ஒரே இடத்தில் ஒரே பிரதி என்ற நிலை எவ்வளவு ஆபத்தானது என்று நமக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை.

ஆனால் ஒன்று. பெட்டியில் காணி உறுதி, சாதகம், உயிரோடு இருப்பவர்களைப் பற்றிய அந்தரங்கக் கடிதம் ஏதும் இருந்தால் அதைத் தனியாக எடுத்து வையுங்கள். வரலாறு என்ற பெயரில் சித்தியின் காதல் கடிதத்தை உலகத்துக்கு வாசித்துக் காட்டக் கூடாது.

கேள்வி: ஸ்கேனர் இல்லை. கைபேசியில் எடுத்தால் போதுமா?

போதும். ஏ4 தாளை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) வருடினால் ஏறத்தாழ 87 இலட்சம் பிக்சல் வரும், இன்றைய கைபேசிக் கமரா அதைத் தாண்டிவிடுகிறது. யன்னலோரப் பகல் வெளிச்சம் நல்லது, பிளாஷ் வேண்டாம். தாளுக்கு நேர் மேலே பிடியுங்கள், வெற்றுப் பக்கத்தையும் அட்டையையும் விடாமல் எடுங்கள். பிறகு அதை வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பிக் கெடுத்துவிடாதீர்கள், அது சுருக்கிவிடும். ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். ஏட்டுச்சுவடி இருந்தால் மட்டும் நீங்களாக எண்ணெய் பூசவோ நிமிர்த்தவோ வேண்டாம், தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: பழைய புத்தகம்தானே, யாரையும் கேட்காமல் ஏற்றலாமா? (கனடாவிலிருந்து)

பழையது என்பது நம் கண்ணுக்கு. இலங்கைச் சட்டப்படி எழுதியவர் இறந்து 70 ஆண்டு வரை பதிப்புரிமை உண்டு, இந்தியாவில் 60. 1960இல் அச்சான நூலின் ஆசிரியர் 1990இல் இறந்திருந்தால் இலங்கையில் 2060 வரை காத்திருக்க வேண்டும், அல்லது குடும்பத்திடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். கேட்டுத்தான் பாருங்கள். "அப்பாவின் புத்தகத்தை யாரும் தேடுகிறார்களா?" என்று கண் கலங்கி, வீட்டில் இருந்த மற்றப் பிரதிகளையும் எடுத்துக் கொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: எங்கள் சங்க மலர் பிடிஎஃப்பாக இருக்கிறது, தமிழில் தேடினால் ஒன்றும் வருவதில்லையே?

பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டியிருப்பீர்கள்! கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு அது ஆங்கில எழுத்துக் குப்பை. எல்லாக் கணினிக்கும் பொதுவான யுனிகோடு குறியீட்டுக்கு மாற்றினால் தேடல் வேலை செய்யும். வெறும் படமாக வருடியது என்றால் எழுத்துணரி (படத்தில் உள்ள எழுத்தை வாசித்துத் தரும் மென்பொருள்) வழியாகப் போக வேண்டும், பழைய அச்சுக்கு அது நிறையத் தடுமாறும், யாராவது உட்கார்ந்து பிழை திருத்தத்தான் வேண்டும்.

கேள்வி: 200 படங்களையும் வருடி முடித்துவிட்டேன். வேலை முடிந்ததா?

மன்னிக்கவும், இப்போதுதான் தொடங்குகிறது. நானும் இப்படித்தான், ஒரு விடுமுறை முழுக்க வருடிவிட்டு எல்லாக் கோப்புக்கும் கமரா போட்ட எண்ணையே விட்டுவைத்தேன், ஆறு மாதம் கழித்துத் திறந்தால் எது எந்தக் கலியாணம் என்று எனக்கே தெரியவில்லை. யார், எங்கே, ஏறத்தாழ எந்த ஆண்டு, யாரிடமிருந்து கிடைத்தது: இந்த நான்கும் இல்லாத படம் இணையத்தில் இருந்தும் ஒன்றுதான் பெட்டியில் இருந்தும் ஒன்றுதான், ஏனென்றால் தேடுபவர் கையில் அது வந்து சேராது. வீட்டில் அம்மம்மா இருந்தால் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டி, அவர் சொல்வதைக் கைபேசியில் ஒலிப்பதிவு செய்யுங்கள். "இடப்பக்கம் நிற்கிறது உன்ர மாமா, இவன் பிறகு பெயரை மாத்திப்போட்டான்" என்று அவர் சொல்வது எந்தப் பதிவேட்டிலும் கிடைக்காது. அந்த ஒலிப்பதிவையும் படங்களோடு சேர்த்துக் கொடுங்கள்.

கேள்வி: வருடியாயிற்று, இனிப் பெட்டியை எறியலாமா?

ஐயோ, வேண்டாம். கறையான் ஏறாத இடத்தில் வையுங்கள்.