மீதிப் பணத்தைக் கொடுப்பதற்கு முன் சேலத்துக்கு பஸ் ஏறுங்கள்

கேள்வி: ஏற்காட்டு மலையில் எங்கள் ஊர். மகளுக்கு அங்கன்வாடியில் உதவியாளர் வேலை வாங்கித் தருவதாக, ஒரு எம்.எல்.ஏ.வுக்கு வேண்டியவர் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் 2 லட்சம் கேட்டார். மாட்டை விற்று 80,000 கொடுத்து மூன்று மாதம் ஆகிறது. இப்போது மீதியைக் கேட்டு நச்சரிக்கிறார். புகார் செய்தால் எங்களையும் பிடிப்பார்களா? எம்.எல்.ஏ. மேல் கேஸ் நிற்குமா?

பதில்: மீதியைக் கொடுக்காதீர்கள் அம்மா. மற்றதெல்லாம் அப்புறம்.

உங்களையும் பிடிக்க முடியுமா என்றால், சட்டப்படி முடியும். 1988-ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டத்தை 2018-இல் திருத்தியபோது, லஞ்சம் கொடுப்பதையும் ஏழாண்டு வரை தண்டிக்கக்கூடிய நேரடிக் குற்றமாக்கிவிட்டார்கள். வெறும் மிரட்டல் என்று நினைக்க வேண்டாம். செந்தில் பாலாஜி போக்குவரத்து அமைச்சராக இருந்த காலத்து வேலைக்குப் பணம் வழக்கில், குற்றம் சாட்டப்பட்டவர்கள் 2,000 பேருக்கு மேல். பணம் கொடுத்து ஏமாந்தவர்களும் அதில் அடக்கம். இத்தனை பேரை நிறுத்தி விசாரிக்க கிரிக்கெட் மைதானம்தான் வேண்டும் என்று 2025-இல் உச்ச நீதிமன்றமே சலித்துக்கொண்டது.

இதில் ஒரு விலக்கு உண்டு. அதைப் பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்றால், கொடுத்த ஏழு நாளுக்குள் புகார் செய்தவர்மேல் குற்றமில்லை. உங்களுக்கு அந்த ஏழு நாள் போய்விட்டது. போகாமல் இருந்திருந்தாலும், வேலைக்காக விரும்பிக் கொடுத்ததைக் கட்டாயம் என்று நீதிமன்றம் ஏற்பது சந்தேகம். வர வேண்டிய பட்டாவை மடக்கி வைத்துக்கொண்டு கேட்டால் அது கட்டாயம், வராத வேலையை வாங்கப் பார்ப்பது வேறு. ஆனால் அதே சட்டத்தில் இன்னொரு வாசல் இருக்கிறது. லஞ்ச ஒழிப்புத்துறையிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, அவர்களுக்கு உதவியாகப் பணத்தை நீட்டினால் அது குற்றமே அல்ல. மீதி 1,20,000 இன்னும் உங்கள் கையை விட்டுப் போகவில்லையே, அதுதான் உங்கள் பலம். அவர்களே நோட்டில் ஒரு பொடி தடவித் தருவார்கள், சாட்சிக்கு அரசு ஊழியர்களை வைப்பார்கள். பணத்தை வாங்கியவரின் கையைக் கரைசலில் கழுவினால் தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறும். ஒன்று மட்டும் கவனம்: பணப் பேச்சை நீங்களாக எடுக்கக் கூடாது. கேட்டது அவர்தான் என்று நிரூபணமாகாவிட்டால் சிவப்புத் தண்ணீரை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

சரி, அந்த ஆள் யார்? எனக்குத் தெரிந்து இந்த வகையினரில் பாதிப் பேருக்கு எம்.எல்.ஏ.வோடு எடுத்த ஒரு போட்டோதான் மூலதனம். பத்துப் பேரிடம் வாங்குவார்கள், யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டார்கள். பத்தில் ஒருவருக்குத் தகுதியால் வேலை கிடைக்கும், அது தன்னால்தான் என்பார்கள். பாக்கிப் பேரில் சத்தம் போடுகிறவருக்கு மட்டும் பணம் திரும்பும். இதில் ஒரு கில்லாடி, திருப்பிக் கொடுத்தே 'நாணயஸ்தர்' என்று பெயர் வாங்கிவிட்டான்! அரசு ஊழியரிடம் செல்வாக்கைக் காட்டிக் காரியம் முடிப்பதாகக் காசு வாங்கும் இடைத்தரகருக்கும் அதே சட்டத்தில் மூன்று முதல் ஏழாண்டு சிறை. அதனால் எம்.எல்.ஏ.வுக்குத் தெரியுமோ தெரியாதோ, இந்த ஆள் தப்ப முடியாது.

இன்னொரு கூட்டத்திடமும் ஜாக்கிரதை. காரில் 'ஊழல் எதிர்ப்பு' என்று போர்டு மாட்டிக்கொண்டு, கழுத்தில் அடையாள அட்டையோடு கலெக்டர் ஆபீஸ் வாசலில் நிற்பார்கள். புகார் எழுத 5,000, வாபஸ் வாங்க எதிராளியிடம் 50,000. என்னிடம் வந்த ஒருவர் லஞ்சத்தில் இழந்ததைவிட இவர்களிடம் இழந்ததுதான் அதிகம். நீங்கள் அவர்களிடம் போகவே வேண்டாம்; பெண் என்பதால், வருமானம் எவ்வளவு இருந்தாலும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் உங்களுக்கு வக்கீல் இலவசம்.

எம்.எல்.ஏ. விஷயத்துக்கு வருகிறேன். இந்தச் சட்டத்துக்கு அவரும் பொது ஊழியர்தான். கையும் களவுமாகப் பிடிக்க யாருடைய அனுமதியும் வேண்டாம். விசாரணை நீதிமன்றம் தண்டித்தாலே, அபராதம் மட்டும் என்றாலும் பதவி போகும். அப்பீலைக் காட்டி நாற்காலியில் ஒட்டிக்கொள்ளும் வழியை 2013-இல் உச்ச நீதிமன்றம் அடைத்தது. ஆனால் அவர் கேட்டதை உங்கள் காதால் கேட்டிருந்தால் மட்டும் அவர் பெயரை எழுதுங்கள்.

இதெல்லாம் எப்போது முடியும் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். நம் சேலத்துக்காரர், முன்னாள் அமைச்சர் செல்வகணபதி மீதான சுடுகாட்டுக் கூரை வழக்கு (சுடுகாடுகளுக்குக் கூரை போட்டதில் ஊழல் என்ற புகார்) 1990-களின் விவகாரம். தண்டனை 2014-இல், உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது 2023-இல். குற்றவாளி இல்லை என்று சொல்வதற்கே கால் நூற்றாண்டு எடுத்துக்கொள்கிற ஏற்பாடு இது.

பணம் கேட்ட பேச்சு போனில் பதிவாகியிருந்தால் அந்த போனை விற்காதீர்கள், ரிப்பேருக்கும் கொடுக்காதீர்கள். முதலில் சேலத்துக்குப் போய் சட்ட உதவி வக்கீலைப் பார்த்து 80,000 பற்றி ஒளிக்காமல் சொல்லுங்கள், பிறகு அவரோடு லஞ்ச ஒழிப்புத்துறைக்குப் போங்கள். அதுவரை அந்த ஆளிடம் நகையை அடகு வைக்க ஒரு வாரம் ஆகும் என்று மட்டும் சொல்லி வையுங்கள்.